யுபிஐ வழியாக ருபே கடன் அட்டை: கல்லாவிலிருந்து ஒரு மதிப்பீடு

ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட், குழாய்ச் சாமான்கள் விற்கும் கடை எங்களுடையது. கடன் அட்டைகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் அட்டையை வைத்திருப்பவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. எத்தனை புள்ளிகள் சேரும், விமான நிலைய ஓய்வறைக்குள் ஆண்டுக்கு எத்தனை முறை நுழையலாம், ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாகுமா என்பவற்றோடு அவை முடிந்துவிடுகின்றன. அதே அட்டை கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்போது என்ன நடக்கிறது என்று எழுதியவர்கள் குறைவு. நான் இரண்டு பக்கமும் இருப்பவன். சட்டைப் பையில் ஒரு விசா அட்டை இருக்கிறது, கைப்பேசியில் யுபிஐயுடன் இணைத்த ஒரு ருபே அட்டை இருக்கிறது, கடை மேசையில் ஒரு ஸ்வைப்பிங் மெஷினும் கியூஆர் பலகைகளும் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியும், பிறர் பயன்படுத்தக் கண்டும், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு விவரத்தைப் பேனாவோடு உட்கார்ந்து சரிபார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சேவை என்ன என்பதைச் சொல்லிவிடலாம். யுபிஐ செயலியில் நாம் வழக்கமாக இணைப்பது சேமிப்புக் கணக்கை. அதற்குப் பதிலாகக் கடன் அட்டையையும் இணைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 ஜூன் மாதம் அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சேவை நடைமுறைக்கு வந்தது. முதலில் இறங்கிய மூன்று வங்கிகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் ஒன்று. இந்த வசதி ருபே அட்டைகளுக்கு மட்டுமே உண்டு. விசா, மாஸ்டர்கார்டு கடன் அட்டைகளை இவ்வாறு இணைக்க முடியாது. ருபேயையும் யுபிஐயையும் நடத்துவது ஒரே நிறுவனமான இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்பிசிஐ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் காரணம் பாதி விளங்கிவிடும்.

பயன்படுத்துபவராக எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களையும் காலாவதி மாதத்தையும் கொடுத்து ஒரு ரகசிய எண் அமைத்துக்கொண்டால் போதும், அதன்பின் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஸ்வைப்பிங் மெஷினையே பார்த்திராத மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கடன் அட்டையில் பணம் செலுத்த முடிகிறது என்பது சிறிய மாற்றம் அல்ல. மெஷினுக்கு வாடகை உண்டு, காகிதச் சுருள் வேண்டும், சிம் வேண்டும், மின்னூட்டம் வேண்டும். கியூஆருக்கு வேண்டியது ஒரு பிளாஸ்டிக் பலகை மட்டுமே. ஆனால் எல்லா கியூஆரிலும் இது செல்லாது. எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடைக்காரர் தம் சொந்தச் சேமிப்புக் கணக்கின் கியூஆரைத்தான் ஒட்டி வைத்திருக்கிறார். அங்கே கடன் அட்டையைத் தேர்ந்தெடுத்தால் செயலி மறுத்துவிடும், ஏனெனில் இந்த வசதி வணிகர் எனப் பதிவானவர்களுக்குப் பணம் செலுத்த மட்டுமே. தனிநபருக்கு அனுப்ப முடியாது. கடன் அட்டையிலிருந்து நண்பருக்குப் பணம் அனுப்பி அதை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் வித்தையை மனத்தில் வைத்து இப்படிக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே.

இனிக் கல்லாவின் பக்கம் வருகிறேன். எங்களிடம் வழக்கமாகச் சாமான் எடுக்கும் கட்டட மேஸ்திரி ஒருவர் ஒரு நாள் ஐம்பது மூட்டை சிமெண்ட் எடுத்துக்கொண்டு, கியூஆரை ஸ்கேன் செய்தபடியே, "கார்டுல போட்டா பாயிண்டு வருதுங்கண்ணா, உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்லீங்களே?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்துவிட்டேன். மூட்டை 380 ரூபாய் வீதம் பில் 19,000 ரூபாய். மறுநாள் கணக்கில் வரவானதோ 18,551 ரூபாய் 60 காசு. வணிகர் கழிவுக் கட்டணம் என்று சொல்லப்படும் எம்டிஆர் இரண்டு சதவீதம், அதாவது 380 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 68 ரூபாய் 40 காசு. ஜிஎஸ்டியைப் பின்னர் உள்ளீட்டு வரியாக, அதாவது நாங்கள் அரசுக்குக் கட்டும் வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதை விட்டுவிடுவோம். சிமெண்டில் எங்களுக்கு நிற்பது மூட்டைக்குப் பத்து ரூபாய், ஐம்பது மூட்டைக்கு 500 ரூபாய். அதில் 380 ரூபாய் போனால் மிச்சம் 120 ரூபாய். இறக்குகூலியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அதே மேஸ்திரி தம் சேமிப்புக் கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பியிருந்தால் முழு 19,000 ரூபாயும் வந்திருக்கும். பலகை அதுவேதான், செயலியும் அதுவேதான். அவர் எந்தக் கணக்கிலிருந்து அனுப்பினார் என்பது பணம் வந்த நேரத்தில் எனக்கு உறைக்கவும் இல்லை.

இந்த 380 ரூபாய் எங்கே போகிறது என்ற கேள்வியில்தான் அட்டை வலையமைப்புகளின் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. விசாவோ மாஸ்டர்கார்டோ ருபேயோ நமக்குக் கடன் கொடுப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கடன் கொடுப்பது அட்டையை வழங்கிய வங்கி. வட்டி வாங்குவதும் அதுவே, வாராக்கடனானால் இழப்பதும் அதுவே. வலையமைப்பு என்பது அட்டையை வழங்கிய வங்கிக்கும் கடைக்காரரின் வங்கிக்கும் இடையே செய்தியைக் கொண்டுசெல்லும் பாதையும், அந்தப் பாதையில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விதிப்புத்தகமும் மட்டுமே.

மெஷினில் அட்டையைச் செருகியதும் அது முதலில் பார்ப்பது அட்டை எண்ணின் தொடக்க இலக்கங்களை. 4 என்று தொடங்கினால் விசா. 51 முதல் 55 வரை தொடங்கினாலும் 2 என்று தொடங்கும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வந்தாலும் மாஸ்டர்கார்டு. 34 அல்லது 37 என்றால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். ருபேவுக்கு 60, 65, 81, 82, 508 ஆகிய தொடக்கங்கள் உண்டு. செய்தி கடையின் வங்கிக்குப் போய், அங்கிருந்து வலையமைப்பின் வழியாக அட்டையை வழங்கிய வங்கியை அடைகிறது. வாடிக்கையாளரின் கடன் வரம்பில் இடம் இருக்கிறதா, அட்டை தொலைந்துவிட்டதாகப் புகார் ஏதும் உண்டா என்று அந்த வங்கி பார்த்துச் சொல்லும் விடை அதே வழியில் சில நொடிகளில் திரும்பிவிடுகிறது. ஆனால் அந்த நொடிகளில் நகர்வது செய்திதான், பணம் அல்ல. பின்னர் அன்றைய பரிவர்த்தனைகள் எல்லாம் தொகுக்கப்பட்டு, எந்த வங்கி எந்த வங்கிக்கு நிகரமாக எவ்வளவு தர வேண்டும் என்று வலையமைப்பு கணக்கிட்டுச் சொன்ன பிறகுதான் வங்கிகளுக்கு இடையே பணம் கைமாறுகிறது. கடைக்கு மறுநாள் வரவாவது இதனால்தான்.

இந்தக் கணக்குத் தீர்வின்போது, அட்டையை வழங்கிய வங்கி முழுத் தொகையையும் அனுப்புவதில்லை. தன் பங்கைப் பிடித்துக்கொண்டே அனுப்புகிறது. அந்தப் பங்குக்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். யுபிஐ வழி ருபே கடன் அட்டையில் இரண்டு சதவீத எம்டிஆரில் ஒன்றரை சதவீதம் அட்டை வழங்கிய வங்கிக்கும், மீதமுள்ள அரை சதவீதம் கடையின் வங்கி, வலையமைப்பு முதலியோருக்கும் போவதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் எங்கள் 380 ரூபாயில் 285 ரூபாய் மேஸ்திரியின் வங்கிக்குப் போயிருக்கிறது. மேஸ்திரிக்குக் கிடைத்த புள்ளிகள் அந்த 285 ரூபாயிலிருந்து பிறந்தவை. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவருக்கு நான் நேரடியாகவே நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்திருந்தால் இருவருக்கும் லாபமாக இருந்திருக்கும்.

எஞ்சிய 95 ரூபாயிலும் வலையமைப்புக்குப் போவது ஒரு பகுதிதான். இவ்வளவு சிறிய துண்டிலிருந்து எப்படி உலகின் பெரும் லாபம் ஈட்டும் நிறுவனங்களில் ஒன்று உருவாகிறது என்பதற்கு விசாவின் ஆண்டறிக்கை நல்ல பாடம். 2024 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் விசாவின் நிகர வருவாய் சுமார் 3,590 கோடி டாலர். நிகர லாபம் சுமார் 1,970 கோடி டாலர். நூறு டாலர் வரவில் ஐம்பத்தைந்து டாலர் லாபமாக நிற்கும் தொழிலை எங்கள் கடைத்தெருவில் நான் கண்டதில்லை. ஆனால் அந்த ஆண்டில் விசா அட்டைகள் வழியாகச் செலவிடப்பட்ட மொத்தத் தொகையான சுமார் 13.2 லட்சம் கோடி டாலரோடு ஒப்பிட்டால், இந்த வருவாய் நூற்றுக்கு 27 காசு அளவுதான். கடன் அட்டை, டெபிட் அட்டை எல்லாவற்றையும், எல்லா நாடுகளையும் சேர்த்த சராசரி இது. விசா அந்த ஆண்டில் கையாண்ட பரிவர்த்தனைகள் சுமார் 23,380 கோடி. ஒவ்வொன்றிலும் சில காசுகளைக் கிள்ளினாலும் மலையாகிவிடும். பாதை ஏற்கெனவே போடப்பட்டுவிட்டதால் கூடுதலாக ஒரு பரிவர்த்தனையை அனுப்ப ஆகும் செலவு ஏறக்குறைய இல்லை என்பதே அந்த லாப விகிதத்தின் ரகசியம்.

வருவாயைப் பிரித்துக் காட்டும் பக்கத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வங்கிகளின் அட்டைச் செலவுத் தொகையை அடிப்படையாகக் கொண்டு வசூலிக்கும் சேவை வருவாய் சுமார் 1,610 கோடி டாலர். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் அனுமதிப்பது, தொகுப்பது, தீர்ப்பது ஆகியவற்றுக்கான செயலாக்க வருவாய் சுமார் 1,770 கோடி. ஒரு நாட்டு வங்கியின் அட்டையை இன்னொரு நாட்டில் பயன்படுத்தும்போது கிடைக்கும் பன்னாட்டு வருவாய் சுமார் 1,270 கோடி. எல்லை தாண்டும் பரிவர்த்தனைகள் மொத்தத்தில் சிறுபங்குதான் என்றாலும் வருவாயில் அவற்றின் இடம் எவ்வளவு பெரிது என்பதை இதில் காணலாம். வெளிநாட்டில் அட்டையைத் தேய்த்துவிட்டு வந்தவர்கள் கணக்கு விவரத்தைப் பார்த்து வியர்ப்பதன் ஒரு பகுதிக் காரணம் இது. மறுபகுதி, நம் வங்கிகள் அதன்மேல் தாமாகச் சேர்க்கும் மாற்றுக் கட்டணம். பல அட்டைகளில் அது மூன்றரை சதவீதம்.

இவற்றுக்குக் கீழே, கழித்தல் குறியோடு ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். வாடிக்கையாளர் ஊக்கத்தொகை, சுமார் 1,380 கோடி டாலர். இங்கே வாடிக்கையாளர் என்று விசா குறிப்பிடுவது அட்டை வைத்திருக்கும் உங்களை அல்ல, மெஷின் வைத்திருக்கும் என்னையும் அல்ல. பெரும்பகுதி அட்டைகளை வழங்கும் வங்கிகளையே குறிக்கிறது. எங்கள் சின்னத்தில் அட்டை வழங்குங்கள், இத்தனை ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள், இவ்வளவு திருப்பித் தருகிறோம் என்று பேசி, மொத்த வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மாஸ்டர்கார்டின் கணக்கிலும் இதே போன்ற வரி உண்டு.

இந்தச் சேவையைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுதான். எங்கள் ஊரில் புதிதாக ஒரு ஹார்டுவேர் கடை திறந்தால் எங்கள் விலை இறங்கும். வலையமைப்புகளுக்கு இடையே போட்டி மூண்டால் கடைக்காரரின் கட்டணம் ஏறவே வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அவை போட்டியிடுவது வங்கிகளைக் கவர்வதற்காக. வங்கியைக் கவரக்கூடியது அதிக இன்டர்சேஞ்ச். அந்த இன்டர்சேஞ்சைக் கொடுப்பவர் பேச்சுவார்த்தை மேசையில் இடமே இல்லாத கடைக்காரர். அட்டையை ஏற்க மாட்டேன் என்று அவர் சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்துக் கடை ஏற்கும்போது அது வெறும் வீம்பாகவே முடியும்.

இந்த அமைப்பு இப்படி ஆனது தற்செயலும் அல்ல. 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் கேட்காதவர்களுக்கும் சேர்த்து சுமார் 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பித் தொடங்கிய திட்டமே பின்னாளில் விசா ஆயிற்று. 1970இல் அது பல வங்கிகள் கூட்டாக உடைமை கொண்ட அமைப்பாக மாறியது, 1976இல் விசா என்ற பெயர் வந்தது. போட்டியாக 1966இல் வேறு சில வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய கூட்டமைப்பே இன்றைய மாஸ்டர்கார்டு. மாஸ்டர்கார்டு 2006இலும் விசா 2008இலும்தான் பங்குச் சந்தைக்கு வந்தன. அதுவரை அவை வங்கிகளின் சொந்தச் சங்கங்கள். வங்கிகள் தமக்காக எழுதிக்கொண்ட விதிகள் வங்கிகளுக்கு அனுகூலமாக இருப்பதில் வியப்பு என்ன? நம் என்பிசிஐயும் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் சங்கம் ஆகியவற்றின் முயற்சியால் 2008இல் வங்கிகளின் பங்குமூலதனத்தோடு உருவானதுதான். லாப நோக்கமற்ற நிறுவனம் என்ற முக்கியமான வேறுபாடு அதற்கு உண்டு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கடன் அட்டையைப் பொறுத்தவரை ருபேயும் பழைய இன்டர்சேஞ்ச் முறையைத்தான் கையில் எடுத்திருக்கிறது. எடுக்காவிட்டால் எந்த வங்கியும் ருபே கடன் அட்டையை வழங்க முன்வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் வழி சற்று வேறு. பெரும்பாலும் அதுவே அட்டையை வழங்கி, அதுவே வலையமைப்பாகவும் இருந்து, கடைக்காரரோடும் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளும். எங்கள் ஊரில் அந்த அட்டையை நீட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அதைப் பற்றி மேலும் எழுதப்போவதில்லை.

டெபிட் அட்டையில் நம் நாட்டு நிலைமை நேர்மாறானது. 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைகளில் மெஷின் வழிப் பரிவர்த்தனைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேற்பட்ட கடைகளில் 0.90 சதவீதம் என டெபிட் அட்டை எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது. 2020 ஜனவரி முதல் ருபே டெபிட் அட்டைக்கும் யுபிஐக்கும் எம்டிஆரே கிடையாது என்று மத்திய அரசு சட்டம் செய்தது. அந்த இழப்பில் ஒரு பகுதியை அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடு செய்கிறது. 2024–25ஆம் ஆண்டுக்கு, சிறு வணிகர்களிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ பரிவர்த்தனைகளுக்காக ஒதுக்கப்பட்டது 1,500 கோடி ரூபாய். கடன் அட்டைக்கோ எந்த உச்சவரம்பும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தனிநபர் கடன் அட்டைக்கான இன்டர்சேஞ்சை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிவைத்தது. இங்கே ஒன்றில் பூஜ்யம், மற்றொன்றில் எல்லையின்மை. வங்கி எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கவே வேண்டாம். யுபிஐயோடு கடன் அட்டையை இணைக்கச் சொல்லி எனக்கு வாரம் தவறாமல் குறுஞ்செய்தி வருவதன் பொருளாதாரம் இதுவே.

இதில் சிறு கடைகளுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சிறு வணிகர் வகையில் வரும் கடைகளில் யுபிஐ வழி ருபே கடன் அட்டையில் 2,000 ரூபாய் வரை செலுத்தினால் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை. நல்ல ஏற்பாடு, இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான். பூக்கடை, இட்லிக் கடை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை போன்றவற்றின் பில் இந்த வரம்பைத் தாண்டுவது அரிது. எங்கள் கடை விற்றுமுதலால் அந்த வகைக்குள் வரவில்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். எனவே ஒரு பெயிண்ட் பிரஷ் விற்றாலும் எங்களுக்குக் கழிவு உண்டு.

என் மிகப் பெரிய குறை கட்டணத்தின் அளவைப் பற்றியது அல்ல, அது மறைந்திருப்பதைப் பற்றியது. மெஷின் கொடுத்த வங்கியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அதன் மாத விவரத்தில் பல மாதங்களாகக் கட்டணம் என்ற ஒரே தலைப்பில் ஒரே ஒரு தொகைதான் இருந்தது. ஒரே அளவு பில்லுக்கு ஒரு நாள் ஒரு தொகையும் மற்றொரு நாள் வேறு தொகையும் பிடிக்கப்பட்டிருப்பதைக் கண்டு கிளைக்குச் சென்று கேட்டேன். முதல் முறை, அது கணினி தானாகப் பிடிப்பது என்றார்கள். இரண்டாவது முறை, தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். மூன்றாவது முறை போனபோது, முன்பு பதில் சொன்னவர் மாற்றலாகிப் போயிருந்தார். நான்காவது முறை ஒரு இளம் அதிகாரி பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்: சாதாரண அட்டைக்கு ஒரு விகிதம், உயர்வகை அட்டைக்கு ஒரு விகிதம், நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குத் தரும் வணிக அட்டைக்கு இன்னொரு விகிதம், வெளிநாட்டு அட்டைக்கு அதற்கும் மேல். தங்க நிறத்தில் பளபளக்கும் அட்டையை ஒருவர் நீட்டும்போது அவருடைய மதிப்பு உயர்கிறது, என் செலவும் உயர்கிறது. எந்த அட்டைக்கு எவ்வளவு என்று பணம் வாங்கும் நேரத்தில் மெஷின் திரையில் காட்டலாம் அல்லவா என்று கேட்டதற்கு அவரிடமும் விடை இல்லை. விலை தெரியாமல் வாங்கும் சரக்கு இந்த ஒன்றுதான்.

அட்டையில் செலுத்துபவரிடம் கூடுதலாக இரண்டு சதவீதம் கேட்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஒப்பந்தங்கள் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் வாடிக்கையாளரின் முகம் சுருங்கும். ஆகவே பெரும்பாலான கடைகள் செய்வது, எல்லாருக்கும் விலையைச் சிறிதளவு ஏற்றி வைப்பது. அப்போது ரொக்கம் கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளி, புள்ளிகள் சேர்ப்பவரின் விமான நிலையச் சிற்றுண்டிக்குத் தன் பங்கைச் செலுத்துகிறார். கடன் அட்டையே இல்லாதவர் கடன் அட்டைக்காகச் செலுத்தும் இந்தத் தொகை எந்தப் பில்லிலும் அச்சாவதில்லை.

ருபேயா விசாவா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் உள்ள விடை, இரண்டும் வேண்டும் என்பதே. உள்நாட்டில் அன்றாடச் செலவுக்கு யுபிஐயுடன் இணைத்த ருபேயின் வசதிக்கு ஈடில்லை. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் அது ஏற்கப்படுவதில்லை. வெளிநாடுகளில் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், ஜேசிபி போன்ற வலையமைப்புகளோடு செய்துகொண்ட உடன்பாடுகளையே அது சார்ந்திருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டுக்கு உள்ள பரப்பு அதற்கு இன்னும் வரவில்லை. மறுபுறம், ஒரே வலையமைப்பை நம்பியிருப்பதன் ஆபத்தையும் நாம் பார்த்துவிட்டோம். இந்தியப் பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டு விதியைப் பின்பற்றவில்லை என்பதற்காக, 2021 ஜூலை 22 முதல் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க மாஸ்டர்கார்டுக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. ஏறத்தாழ பதினொரு மாதங்கள் கழித்து, 2022 ஜூனில்தான் அது விலக்கப்பட்டது. பழைய அட்டைகளுக்குப் பாதிப்பு இல்லை என்றாலும், அதையே நம்பியிருந்த வங்கிகள் அவசரமாக வேறு வலையமைப்பைத் தேட நேர்ந்தது.

எந்த வலையமைப்பின் அட்டை வேண்டும் என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வலையமைப்போடு மட்டுமே அட்டை வழங்குவதாக வங்கிகள் ஒப்பந்தம் செய்துகொள்வதையும் ரிசர்வ் வங்கி அதே ஆண்டு மார்ச்சில் தடை செய்தது. பத்து லட்சத்துக்கு மேல் அட்டைகள் இல்லாத வங்கிகளுக்கு விலக்கு உண்டு. பெரிய வங்கியில் அட்டை வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் வங்கிக்கு எது ஆதாயமோ அதுவே வீடு தேடி வரும். மேலே சொன்ன ஊக்கத்தொகை வரியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் கேட்டால், பயன்படுத்துபவருக்கு ஐந்துக்கு நான்கு. சிறு வணிகர் வகையில் உள்ள கடைக்காரருக்கும் அதே நான்கு. எங்களைப் போல் குறைந்த லாபத்தில் பெரிய பில் போடும் கடைகளுக்கு இரண்டரை. அந்த அரை, பணம் தவறாமல் மறுநாளே வந்துவிடுவதற்காகவும், கடன் சொல்லிப் போகும் வாடிக்கையாளரின் கடனை இப்போது வங்கி சுமப்பதற்காகவும். இந்தக் கடைசி நன்மையைக் கடைக்காரர்கள் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கடைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்து ஆறு மாதம் அலைந்து வசூலித்த காலத்தை நினைத்தால், பெயிண்டுக்கு இரண்டு சதவீதம் கொடுப்பது எனக்கு உறுத்துவதில்லை. சிமெண்டுக்கு மட்டும் உறுத்துகிறது.

ஆகவே இப்போது எங்கள் மேசையில் இரண்டு கியூஆர் பலகைகள் இருக்கின்றன. கடன் அட்டையை ஏற்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததன்பேரில் ஒரு நிறுவனம் தந்த பலகை, சிமெண்டும் கம்பியும் வாங்குபவர்களுக்கு. மற்றதெல்லாம் பழைய பலகையில். மேஸ்திரி முதல் வாரம் சற்று முகம் சுளித்தார். 500 ரூபாயில் 380 போன கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும், "இது தெரியாமப் போச்சுங்களே" என்று சொல்லிவிட்டுச் சேமிப்புக் கணக்கிலிருந்து அனுப்பினார். பெயிண்ட் எடுக்கும் நாளில் மட்டும் மறக்காமல் பழைய பலகையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.